திருகோணமலையில் நான்கு வருட ஓட்டம்

நான்கு வருடம், மூன்று சோடிச் சப்பாத்து. ஓடத் தொடங்கியபோது எல்லாரையும் போல நானும் நினைத்தது ஒன்றுதான்: கடற்கரை உள்ள ஊரில் ஓட வேறு இடம் எதற்கு? டச்சுக் குடாக் கடற்கரை என் வீட்டிலிருந்து நடைதூரம். முதல் மூன்று மாதமும் அங்கேதான்.

மணலில் ஓடுவது படத்துக்கு அழகு, காலுக்கு இல்லை. இளக்க மணலில் ஓட, கெட்டி நிலத்தைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று பிறகுதான் வாசித்தேன். கெண்டைக்கால் அதை முதல் வாரமே சொல்லிவிட்டது. இறுகிய ஈரமணலில் ஓடலாம் என்றால், நம் கடலில் வற்றுப்பெருக்குக் குறைவு, அந்தப் பட்டையும் ஒடுக்கம். போதாததற்குக் கரை கடலை நோக்கிச் சரிவு, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். வலது முழங்கால் நோவெடுத்ததோடு கடற்கரையில் ஓடுவதை விட்டேன். இப்போது அது நடக்கவும் குளிக்கவும் மட்டும்.

இப்போதைய பாதை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்குகிறது. உட்துறைமுக வீதியில் போய்த் திரும்பி, பிரட்றிக் கோட்டைக்குள் ஏறி, கோணேசர் கோயிலடி வரை. துறைமுகப் பக்கம் சமதரை, காற்றும் அடங்கியிருக்கும். உடம்பு சூடேற அது போதும். கோட்டை வாசலைத் தாண்டினால் ஏற்றம். அங்கே வேகத்தை மறந்துவிடுங்கள். ஒன்று, மூச்சு வாங்கும். மற்றது, மான்கள். அந்தப் புள்ளிமான்கள் மனிதருக்குப் பயப்படுவதில்லை, வழியும் விடுவதில்லை. ஒருமுறை வாங்கில் வைத்த என் பைக்குள் தலையை விட்டு, வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு, ஒரு கொம்பன் ஆறுதலாக நிமிர்ந்து பார்த்தது. பொலித்தீன் உறையில் பாதி வாய்க்குள். அதை இழுத்தெடுக்கப் பட்ட பாடு அன்றைய ஏற்றத்தைவிடப் பெரிது. அதன் பிறகு பை கொண்டுபோவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குச் சனம் கூடும், அன்றைக்குத் துறைமுகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீள ஓட்டத்துக்கு நிலாவெளி வீதி, யுத்த மயானம் வரை. பஸ்கள் பறக்கும். வலக்கரையில், வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள்.

சரி, இப்போது நான் சேர்ந்து ஓடும் குழுவுக்கு வருகிறேன். தனியாக ஓடிய காலத்தில் விடியமுன் வெளிக்கிட என்னால் முடியவில்லை. நாய்கள் ஒரு பக்கம். மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வருகிறவர்கள் இன்னொரு பக்கம். நாய்க்கு ஓடாமல் நின்று, கல் எடுப்பதுபோலக் குனிந்தால் போதும். வெளிச்சம் வந்தபின் வெளிக்கிட்டால் ஆனி, ஆடியில் ஆறரைக்கே வெயில் முதுகில் ஏறும், கச்சான் காற்று வாயை உலர்த்திவிடும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் குழுவால்தான் கிடைத்தது. சிநேகிதமெல்லாம் அப்புறம் வந்தது.

பக்கத்து ஒழுங்கை அக்காதான் கூப்பிட்டார். “வாங்கோவன் பிள்ளை, நாங்கள் மெதுவாத்தான் ஓடுறம்.” மெதுவாக என்றது சுத்தப் பொய்.

தமிழ், முஸ்லிம், சிங்கள ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் மூன்று மொழியும் ஒரே வரியில் வரும். நோன்பு மாதத்தில் ஓட்டம் மாலைக்கு மாறும். பொழுதுபட்டதும் சொல்லும் மஃரிப் பாங்குக்கு முக்கால் மணித்தியாலம் முன் தொடங்கினால், முடிந்த கையோடு முஸ்லிம் ஆட்கள் நோன்பு துறக்கலாம். பேரீச்சம்பழமும் கஞ்சியும் எங்களுக்கும் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், அந்த மாதம் என் வரவு கொஞ்சம் கூடுதல்.

குறைகளும் உண்டு. 5.10 என்றால் 5.30. காலை வணக்கப் படங்களுக்கு அடியில் முக்கியமான செய்தி புதைந்துபோகும். ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலி வந்ததிலிருந்து சிலர் கைக்கடிகாரத்தோடு மட்டும்தான் கதைக்கிறார்கள். முதல் வருடம் வேகக்காரர்கள் முன்னால் போய்விட, உவர்மலைப் பக்கம் இருட்டில் நான் தனித்துப்போனேன். பெரிய சண்டை பிடித்தேன். இப்போது கடைசி ஆளோடு ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது முறை. வேகக்காரர்களுக்கு அது இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

கார்த்திகை, மார்கழி மாரியில் பாதி நாள் ஓட்டமில்லை. தேங்கிய தண்ணீருக்கடியில் எது வீதி, எது குழி என்று தெரியாது. நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத்தாள் அடைத்து மின்விசிறிக்குக் கீழே வைப்பேன்.

மாரி விட்டால் மாதத்தில் ஒரு ஞாயிறு கன்னியா, ஏறக்குறைய 8 கிலோமீற்றர். ஓடிக் களைத்தவர் குளிர்ந்த தண்ணீர் தேடுவார். நாங்கள் வெந்நீர்க் கிணறு தேடிப் போகிறோம். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இல்லை. கிணறுகள் ஆழமும் குறைவு, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். முதல் வாளிக்குக் கத்துவோம், மூன்றாவதுக்குப் பிறகு அடுத்தவரிடம் வாளியைக் கொடுக்க மனம் வராது. மாற்றுடுப்பை மட்டும் மறக்காதீர்கள். நான் முதல் தடவை மறந்துபோய், ஈர உடுப்போடு பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன.