பழைய பென்ஸ், புதிய பென்ஸ், நடுவிலே ஏ9: பரந்தனில் 13 வருட ஓட்டம்

இலங்கையின் வடக்கில், வன்னியில் உள்ள பரந்தனில் இருந்துகொண்டு பென்ஸ் வைத்திருப்பது புத்தியான காரியம் இல்லை. நெல்லு ஆலைக்காரனுக்கு ஒரு சின்ன லொறியும் ஒரு மோட்டார் சைக்கிளும் காணும். என்னிடம் அவையும் நிற்கின்றன. ஆனாலும் 2012இல் 300ஈ என்ற பழைய பென்ஸ் ஒன்று வாங்கினேன், 2019இல் ஈ350ஈ என்ற புதிய பென்ஸ் ஒன்று வாங்கினேன், இரண்டையும் இன்றுவரை விற்கவில்லை. "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, எது திறம்?" என்று ஆலைக்கு வருகிற பெடியள் கேட்காத கிழமை இல்லை. நெல் நிறுத்து முடிகிற நேரத்துக்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதுதான் எழுதுகிறேன்.

பழையது 1990ஆம் ஆண்டுச் செய்கை, பென்ஸ்காரர் டபிள்யூ124 என்று பெயர் வைத்த உடம்பு. 3 லீற்றர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 12 வால்வு, 180 குதிரைவலு, 4 கியர் ஓட்டோமற்றிக். வெளிவந்த காலத்தில் ஜேர்மன் நெடுஞ்சாலையில் 220ஐத் தாண்டி ஓடிய குடும்பக் கார் இது. நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்தை வாகனங்களில் கட்டாயமாக்கியதை எதிர்த்துத் தமிழர் ஊரூராய் அதற்குத் தார் பூசிய 1957, 58இல் அப்பா பள்ளிக்கூடப் பெடியன். காரை முதன்முதல் வளவுக்குள் கொண்டுவந்து விட்டபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பொனற்றைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் நம்பர் பிளேற்றுக்கு முன்னால் வந்து நின்று, "தார் வாளி எங்கை கிடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

புதியது 2017. டபிள்யூ213. 2 லீற்றர் நாலு சிலிண்டர் டேர்போ, 211 குதிரைவலு. கியர்பொக்ஸோடு சேர்ந்து ஒரு மின்மோட்டார். இரண்டும் கைகோத்தால் 286 குதிரைவலு, 550 நியூட்டன் மீற்றர், 9 கியர், 100ஐத் தொட 6.2 விநாடி. வீட்டுப் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றலாம். நிறை கிட்டத்தட்ட 1,900 கிலோ. பழையதைவிட ஐந்நூறு கிலோ கூட. எங்கள் கணக்கில், பழைய காரில் ஏழெட்டு மூடை நெல்லை ஏற்றிவிட்டு ஓடுவதுபோல. ஓடும்போது அந்த மூடைகள் தெரியாது. பிரேக் போடும்போது தெரியும்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன். ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50. மர நிழலில் கருவியோடு நிற்கிற பொலிஸ்காரருக்கு 180 குதிரையும் ஒன்றுதான், 286 குதிரையும் ஒன்றுதான். எனக்குத் தண்டம் எழுதியது பழைய காரில். வலு உண்மையில் தேவைப்படுவது மணல் ஏற்றிய டிப்பரை முந்துகிற அந்த நாலைந்து விநாடிக்குத்தான். புதியதில் காலை வைத்தால் டிப்பர் கண்ணாடிக்குள் போய்விடும், சத்தமும் இல்லை. பழையது ஒரு கணம் யோசிக்கும், கியரை இறக்கும், பிறகு ஆறு சிலிண்டரும் சேர்ந்து குரல் எடுக்கும். அந்தக் குரலுக்காகத் தேவையில்லாமல் முந்தியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

றோட்டுக்கு வருவோம். கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9 இப்போது மேசைபோலக் கிடக்கிறது. அதைவிட்டு இறங்கினால்தான் வன்னி. ஆலைக்குப் போகிற ஒழுங்கை கிரவல். மாரியில் அது வாய்க்கால், கோடையில் செம்புழுதி. தை, மாசியில் காலபோக அறுவடை முடிய, பாதி றோட்டில் நெல் காயும், மற்றப் பாதியில்தான் நாங்கள். பழையதுக்கு 15 அங்குலச் சில்லு, தடிச்ச ரயர். குழிக்குள் விழுந்தால் "தொம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்பக்கம் ஒவ்வொரு சில்லையும் ஐந்து தண்டுகள் தனித்தனியாகப் பிடித்திருக்கிற அமைப்பு. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் கிரவலில் பின்பக்கம் வழுக்காமல் நேராக வருகிறது. புதியதில் என்னுடையது காற்று சஸ்பென்ஷன். பொத்தானை அழுத்தினால் கார் எழும்பி நிற்கும். முதல்நாள் அதைப் பார்த்த ஆலைப் பெடியன் ஒருவன், "அண்ணை, மாடு எழும்பிறமாதிரி எழும்புது" என்றான். ஒழுங்கைக்குள் அது கைகொடுக்கிறது. ஆனால் சில்லு பெரிது, ரயர் மெல்லிசு. முல்லைத்தீவு றோட்டில் ஒரு குழியைத் தண்ணீர் மூடியிருந்தது, நானும் பார்க்காமல் விட்டுவிட்டேன். ரயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவு வீக்கம். அந்த அளவு ரயர் கிளிநொச்சியில் இல்லை, வவுனியாவிலும் இல்லை. மூன்று நாள் கார் கல்லுக்கு மேல் நின்றது.

இனி நான் சொல்லவந்த விசயம். இந்த இரண்டு காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம், பழுதானால் யார் திறப்பார்கள் என்பதுதான்.

2016 மாசி. மாங்குளம் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், நடு மத்தியானம், பழையது தும்மலும் இல்லாமல் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் ட்ரக்டர் திருத்துகிற கராஜ். அங்கிருந்து ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒருக்காத் திருப்புங்கோ" என்றுவிட்டுப் பின்சில்லுப் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். "பம்ப் வேலை செய்யேல்லை." பற்றறிக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி, பெற்றோல் பம்புக்குக் கரண்ட் விடுகிற ரிலேயை இழுத்தெடுத்தார். அந்த ஓட்டைகள் இரண்டை ஒரு வயர்த் துண்டால் தொடுத்தார். பின்னால் "ங்ங்ங்" என்று பம்ப் பாடத் தொடங்கியது. ரிலேயின் பெட்டியைக் கத்தியால் நெம்பித் திறந்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ஈயப்பொட்டு ஒன்றைச் சுற்றித் தலைமயிர்க் கனத்தில் ஒரு வளையம். அவ்வளவுதான் வெடிப்பு. இருபத்தாறு வருட வெக்கையில் எந்த ஈயமும் வெடிக்கும். சந்தியில் போன் திருத்துகிற பெடியன் சூட்டுக்கோலால் ஒரு பொட்டு வைத்தான். கார் பிடித்தது. காசு வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்த மனிதர் கையைத் துடைத்தபடி, "ட்ரக்டருக்கும் இதுக்கும் வித்தியாசம் சீற்றுத்தான் அண்ணை" என்றார். இந்தக் காரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை. இதில் எவ்வளவு பெற்றோல் விடவேண்டும் என்பதை ஒரு வட்டத் தட்டு தீர்மானிக்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றுக்கு ஏற்பத் தட்டு அசையும், அது அசைய அசைய எரிபொருள் அளந்து போகும். கையால் அமத்திப் பார்க்கலாம். கண்ணால் கண்டு விளங்கக்கூடிய கார். சாமான்களும் அப்படித்தான். மச்சான் ஜேர்மனியில். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அவருடைய பெட்டிக்குள் சொக்கிலேற்றுக்கும் பெர்பியூமுக்கும் நடுவில் எனக்கு ஏதாவது இருக்கும். புது ரிலே, ரப்பர் புஷ், டிஸ்ரிபியூட்டர் மூடி, வைப்பர் பிளேட். வைப்பர் ஒன்றே ஒன்றுதான் இந்தக் காருக்கு. துடைக்கும்போது மூலைக்குப் போக நீளும், நடுவில் வரச் சுருங்கும், கண்ணாடியில் 86 வீதத்தைத் துடைத்துவிடும். மாரி மழையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு.

புதிய காருக்கு மச்சானின் பெட்டி உதவாது. முக்கியமான கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதும் மாற்றினால், சாமான் வந்தால் மட்டும் போதாது. காருக்கு அதை அறிமுகம் செய்துவைக்க வேண்டும், கலியாணப் பேச்சு மாதிரி. அதற்குக் கொம்பியூட்டர் என்று ஒரு தரகர். தரகர் இருப்பது கொழும்பில், இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்.

2021 மார்கழியில் அந்தத் தூரத்தை அளந்து பார்த்தேன். ஆலையில் நெல் இருந்தால் எலி இருக்கும். ஒரு காலை திரையில் ஒன்றன்பின் ஒன்றாய் எச்சரிக்கைகள், கார் அசையமாட்டேன் என்றது. பொனற்றைத் திறந்தால் ஒரு கைப்பிடி நெல் உமி, கடித்துத் துப்பிய வயர். கிளிநொச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். "செம்மஞ்சள் வயருக்கு நான் கை வைக்கமாட்டன், குறை நினையாதேங்கோ." குறை நினைக்க என்ன இருக்கிறது? செம்மஞ்சள் உறை போட்ட கேபிளில் போவது உயர் அழுத்த மின்சாரம், பழகாதவர் தொடக்கூடாது. எலி கடித்தது அதை இல்லை, பக்கத்தில் போன சாதாரண வயரை. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் கார் லொறியில் படுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனது. இரண்டு கிழமை. வயருக்கு முடிந்த காசைவிட லொறிக்கு முடிந்தது கூட.

இதைக் கேட்டுவிட்டுப் பழையதுதான் திறமென்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அடுத்த வருடமே கதை மாறியது.

2022 ஆனி கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், 95 என்றால் 550. விலையாவது பரவாயில்லை, சாமானே இல்லை. பிறகு கியூஆர் கோட்டைக் காட்டிப் பங்கீட்டில் அடிக்கிற முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பழையது லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் தந்தால் அது நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த 20 லீற்றரில் வவுனியாவுக்கு ஒருமுறை போய்வரலாம், பிறகு கிழமை முழுக்க வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புதியதை வீட்டில் செருகினேன். கரண்ட் வெட்டு நேரம் பார்த்துச் செருகவேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தாலும் லைன் கரண்ட் நின்றால் அதுவும் சேர்ந்து நிற்கும், பலருக்கு இது தெரியாது. இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைத்தால் பற்றறி நிறையும். அந்தச் சார்ஜில் பரந்தனிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்குப் போய் வந்து, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போகலாம், ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல். நிரையில் நிற்கிற சனத்தைச் சத்தமில்லாமல் கடந்து போகக் கூச்சமாக இருந்தது. அதனால் நோயாளியோ கர்ப்பிணியோ கேட்டால் இல்லையென்று சொல்லாமல் ஏற்றிப் போனேன்.

அப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது அவரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40. சின்னப் போத்தலில் பொன்னைப்போல வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டை காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு அது வன்னி முழுக்க ஓடியது. "உன்ர பென்ஸ் மண்ணெண்ணெய் குடிக்காதோ?" என்று பழையதைக் காட்டிக் கேட்டார். குடிக்காது என்றேன். "அப்ப அதுவும் புதுசுதான்" என்றார்.

இரவு ஓட்டத்தில் போட்டியே இல்லை. கொழும்பிலிருந்து திரும்பும்போது புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் மழை விட்ட நேரம் என்றால் மாடுகள் தார்ச்சூட்டுக்கு றோட்டில் வந்து படுத்திருக்கும். கறுப்பு மாடு, கறுத்த றோட்டு. பழையதின் மஞ்சள் வெளிச்சத்தில் கண் இரண்டு மினுங்கினால்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு அசைபோடுகிற மாட்டைக் கடவுள்தான் காட்டவேண்டும். புதியதின் வெளிச்சம் வளைவுக்கு முன்பே வளைகிறது, எதிரே வருகிறவரின் கண்ணை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பகலாக்குகிறது. ஒருமுறை பற்றைக்குள்ளிருந்து ஒரு கன்று பாய்ந்தது. என் கால் பிரேக்குக்குப் போகமுன் கார் தானே பிரேக்கைப் பிடித்துவிட்டது. நெற்றியில் வியர்வை. அடுத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி வழமைக்கு இரண்டு தேங்காய் கூட உடைத்துவிட்டு, கச்சான் சரையோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அன்று முதல் இரவுப் பயணத்துக்குப் பழையது படலையைத் தாண்டுவதில்லை.

அம்மாவுக்கு மட்டும் பழையதுதான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போவது அதில்தான். புதியதின் சீற்று பதிவு, இறங்க இன்னொருவர் கை வேண்டும், கதவோர வெளிச்சங்கள் நிறம் மாறுவது அவவுக்குத் தலைசுற்று. பழையதின் சீற்றை ஒருமுறை தைக்கக் கொடுத்தபோது உள்ளே பார்த்தேன், ஸ்பிரிங்கும் அதற்குமேல் இறுக்கிய நாரும். எங்கள் வீட்டுத் தும்பு மெத்தைக்குச் சொந்தக்காரன். ஏசிதான் குறை. சித்திரை வெயிலில் ஓமந்தை தாண்டும்வரை உள்ளே குளிராது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு வருவா.

பழையது வாங்க நினைக்கிறவர்கள் ஜக் வைக்கிற இடத்து மூடியைக் கழற்றித் துருவைப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் கட்டாயம். புதியது வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள். பற்றறி அடியில் இருப்பதால் 540 லீற்றராக இருக்கவேண்டிய இடம் 400 ஆகிவிட்டது. படி வைத்த தளத்தில் அரிசி மூடை நேராக இருக்காது. என்னுடையதில் கரண்டில் மட்டும் ஓடுகிற தூரமும் வாங்கிய நாளில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது, எங்கள் வெக்கைக்கும் வயதுக்கும் அது நடக்கும்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 மாசியில் திரும்பவும் திறந்தபிறகு, விலை இறங்கமுன் ஒன்றைத் தள்ளிவிடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். புதியதை விற்கக் கேட்டால் மனைவி விடமாட்டா, பழையதை விற்க நான் விடமாட்டேன். இப்போது இரண்டும் ஒரே கொட்டிலில் நிற்கின்றன. புதியதைச் சுற்றிக் கம்பிவலை, மூலைக்கு மூலை நப்தலீன் உருண்டை, இரவில் பொனற்றைத் திறந்து உள்ளே ஒரு லைற். பழையதுக்குள்ளும் எலி போய்த்தான் வருகிறது, உமியும் கிடக்கிறது. கடிக்கிறதுக்கு அதில் அவ்வளவு வயர் இல்லை.