ஆட்டோ, மேனுவல், செல்லோ டேப்: அலுவலகக் கட்டடங்களின் மின்செலவோடு ஆறு ஆண்டுகள்

மூன்றாம் மாடியின் ஏ.எச்.யூ. அறையில், அதாவது மாடிக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரத்தின் அறையில், ஒரு பேனல் இருக்கிறது. அதன் சுவிட்ச் ‘மேனுவல்’ பக்கம் திருப்பப்பட்டு, அசையாமல் இருக்க செல்லோ டேப் ஒட்டப்பட்டிருந்தது. டேப்புக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம்: ‘தொடக் கூடாது’. மை வெளிறிப் பழுப்பாகிவிட்டது. எழுதியது யார் என்று கேட்டால் எவருக்கும் தெரியவில்லை. நான் அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை இரண்டேகால் மணிக்கு. மாடியில் ஈ, காக்கை இல்லை. விசிறி மட்டும் முழு வேகத்தில், காலி நாற்காலிகளுக்குக் குளிர்காற்று ஊதிக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாகவோ!

ஒரு பெரிய நிறுவனத்தின் நான்கு அலுவலகக் கட்டடங்களில் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் கவனிக்கும் வேலை எனக்கு. 2019இல் நான்குக்கும் சேர்த்து, இயந்திரங்களைத் திரையிலிருந்து கண்காணித்து இயக்கும் ஒரு கட்டட மேலாண்மை அமைப்பு வாங்கினோம். பி.எம்.எஸ். என்றால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். கூடவே மாடிக்கு மாடி சப் மீட்டர், ஆள்நடமாட்டம் அறியும் சென்சார்கள், விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவிகள். விற்றவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதும் மதிப்புரைகள் ஏராளம் கிடைக்கின்றன. ஆறு ஆண்டு கூடவே குடித்தனம் நடத்தியவன் சொல்லும் சேதி கொஞ்சம் வேறாக இருக்கும்.

வாங்கியது வீண் போகவில்லை. ஆனால் எதற்காக வாங்கினோமோ அதனால் வந்த மிச்சம் சொற்பம். எதிர்பாராத இடங்களிலிருந்துதான் பெரும்பகுதி வந்தது.

முதலில் எதை வாங்கலாம் என்று இன்று யாராவது கேட்டால், பி.எம்.எஸ். என்று சொல்ல மாட்டேன். சப் மீட்டர் என்பேன். மாதம் ஒருமுறை வரும் பில் ஒரே ஓர் எண். அதை வைத்துக்கொண்டு திட்டலாம், பெருமூச்சு விடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் மீட்டர் ஒரு கோடு வரைந்து தருகிறது. காலையில் ஏறி, மாலையில் இறங்க வேண்டிய கோடு. எங்கள் கோடும் இறங்கியது. ஆனால் பகல் உச்சத்தின் பாதிக்கு வந்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. சனி, ஞாயிறும் அப்படியே. அதைப் பார்த்துத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடு இரவில் கிளம்பினேன்.

உடன் வந்த இரவுக் காவலர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “இந்தச் சத்தம் எப்போதும் உண்டு சார். கட்டடம் மூச்சு விடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.”

அந்த மூச்சில் என்னென்ன கலந்திருந்தன? கழிவறைகளின் எக்ஸாஸ்ட் விசிறிகள். ஒரு கார்கூட இல்லாத கீழ்த்தளத்தில் சுழலும் காற்றோட்ட விசிறிகள். ஒவ்வொரு மாடியிலும், குடிக்க ஆளில்லாத நீரைக் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த வெந்நீர் இயந்திரங்கள். ‘சிக்னல் இல்லை’ என்று இருட்டில் ஒளிர்ந்துகொண்டிருந்த மீட்டிங் அறைத் திரைகள். எதுவும் பழுதாகவில்லை, எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன. அதுதான் சிக்கல். பழுதானதை யாராவது புகார் செய்வார்கள். தேவையில்லாமல் ஓடுவதைப் பற்றிப் புகார் செய்ய யார் இருக்கிறார்கள்?

வெந்நீர் இயந்திரங்களுக்கு ஒரு டைமர் போதுமானதாக இருந்தது. அந்த உற்சாகத்தில் ஒருவர், குளியலறைகளுக்கு வெந்நீர் தரும் பெரிய தொட்டியின் வெப்பத்தையும் குறைத்துவிடலாமே என்றார். மறுத்துவிட்டேன். அந்தத் தொட்டியை 60 டிகிரியில் வைக்கச் சொல்வது லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குப் பயந்து. வெதுவெதுப்பாகத் தேங்கும் நீர் அதற்கு விளைநிலம். மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் கட்டடத்தில் உண்டு.

இதெல்லாம் முதலில் ஒரு கட்டடத்தில்தான் நடந்தது. மற்ற மூன்றில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று நிர்வாகம் தள்ளிப்போட்டது. அதற்குள் 2020 வந்தது. அலுவலகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பில் அடிமட்டத்துக்கு இறங்கும் என்று கணக்குத் துறை காத்திருந்தது. அந்த மூன்று கட்டடங்களிலும் அது இறங்கவில்லை. கணக்குத் துறை அம்மையார் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: “அப்படியானால் இத்தனை நாளும் மின்சாரத்தைத் தின்றது நாங்களா, கட்டடமா?” அடுத்த வாரமே ஒப்புதல் வந்துவிட்டது. என் அறிக்கைகள் ஓராண்டாகச் செய்ய முடியாததை அந்தக் காலிக் கட்டடங்கள் செய்துகொடுத்தன.

இனி வி.எஃப்.டி. இந்த ஆறு ஆண்டுகளில் என்னை ஒருமுறைகூட ஏமாற்றாத கணக்கு இது ஒன்றுதான். விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 20 சதவீதம் அல்ல, ஏறத்தாழ பாதி குறைகிறது. மின்தேவை வேகத்தின் மும்மடியைப் பின்பற்றுவதுதான் காரணம்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஐம்பது ஹெர்ட்ஸில் ஓடிய ஏ.எச்.யூ.வை நாற்பதுக்கு இறக்கினோம். இருக்கையில் உட்கார்ந்திருந்த எவரும் கவனிக்கவில்லை. இரைச்சல் குறைந்ததை மட்டும் ஒருவர் பாராட்டினார். (மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்புக்கு இதே கணக்கைப் போட்டு ஏமாறாதீர்கள். நீரை அவ்வளவு உயரம் தூக்கும் சுமை, பம்பு மெதுவாகச் சுழல்வதால் குறைந்துவிடாது.)

ஆனால் வி.எஃப்.டி.க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது குறையை மூடி மறைக்கும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால், முன்பெல்லாம் காற்று குறையும், மாடியிலிருந்து உடனே போன் வரும். இப்போது டக்ட்டில் (காற்று செல்லும் குழாயில்) அழுத்தம் இறங்குவதைப் பார்த்ததும் வி.எஃப்.டி. தானாகவே வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. போன் வருவதில்லை, மீட்டர் மட்டும் ஏறுகிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டடத்தின் மிச்சம் மெல்ல மெல்லக் கரைந்தது. காரணம் புரிய எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. வடிகட்டியைக் கழற்றினால் கம்பளி போலத் தூசி. அன்றிலிருந்து வடிகட்டி மாற்றும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்வதில்லை. ஹெர்ட்ஸ் ஏறுவதைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

திரையை நம்புவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஐந்தாம் மாடியின் குளிர்நீர் வால்வு ‘0 சதவீதம்’, அதாவது முழுக்க மூடியிருக்கிறது என்று திரை காட்டியது. மெயின்டனன்ஸில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள எங்கள் மூத்த டெக்னீஷியன் திரையைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் குழாயில் கையை வைத்தார். “வந்து தொட்டுப் பாருங்கள் தம்பி” என்றார். தொட்டேன். சில்லென்று இருந்தது, வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் வேறு கோத்திருந்தது. வால்வின் உள்ளே தகடு தேய்ந்து, மூடிய பிறகும் குளிர்நீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தெரிந்த 0 நாங்கள் இட்ட கட்டளை. வால்வு அதைக் கேட்டதா என்பது அதில் இல்லை. மூன்று ஆண்டுகளாக நான் இந்த வேறுபாட்டை உணராமல் அறிக்கை எழுதியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரிலிருந்து 7 டிகிரியில் கிளம்பும் நீர் 12 டிகிரியில் திரும்ப வேண்டும் என்பது வடிவமைப்பு. எங்களுக்கோ 9 டிகிரியில் திரும்பியது. பாதிக்கும் மேலான நீர் எந்த வெப்பத்தையும் சுமக்காமல் சும்மா சுற்றி வந்திருக்கிறது. அதைத் தள்ளப் பம்புகளும் சும்மா உழைத்திருக்கின்றன. இப்போது ஆண்டுக்கு இருமுறை கையால் தொட்டுப் பார்க்கும் சுற்று ஒன்று வைத்திருக்கிறோம்.

குளிர்நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தினால் சில்லரின் மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்பது இத்தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எங்கள் மீட்டரும் அதையே சொன்னது. ஆசை விடவில்லை, மூன்று டிகிரி உயர்த்தினேன். வெப்பமானி சரியாகத்தான் காட்டியது, ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. குளிர்ச்சுருள் போதுமான அளவு சில்லிட்டிருந்தால்தான் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும். கோப்பு அறையில் பூஞ்சை வாடை அடித்ததும், வாயை மூடிக்கொண்டு பழைய இடத்துக்கே இறக்கினேன். இப்போது வெளிக்காற்று வறண்டிருக்கும் நாட்களில் மட்டும் உயர்த்துகிறோம்.

வெப்பநிலைச் சண்டைக்கு வருகிறேன். அறை வெப்பத்தை 22இலிருந்து 25க்கு மாற்றிய வாரத்தில் எனக்கு வந்த மின்னஞ்சல்களைத் தொகுத்தால் தனிப் புத்தகம் போடலாம். மேற்குக் கண்ணாடி ஓரம் அமர்ந்தவர் வியர்க்கிறது என்றார். அவருக்கு நான்கு மேசை தள்ளி, காற்றுத் துளைக்கு நேர்கீழே இருந்தவர் சால்வை போர்த்திக்கொண்டு, காலடியில் சிறிய ஹீட்டர் ஒன்றை ஓடவிட்டிருந்தார். ஒரே அறையில் நாங்கள் குளிரூட்ட, அவர் சூடாக்க, இரண்டு பில்லும் ஒரே நிறுவனத்துக்கு. முதலில் ஹீட்டரைப் பறிமுதல் செய்யத்தான் நினைத்தேன். பிறகு காற்றுத் துளையின் திசையைத் திருப்பினோம்; ஹீட்டர் தானாகவே மறைந்தது. அலுவலக வெப்பநிலைத் தரங்கள் ஒரு சராசரி ஆணின் உடல் வெப்ப உற்பத்தியை வைத்து வகுக்கப்பட்டவை, பெண்களின் வெப்ப உற்பத்தியை அவை 35 சதவீதம் வரை மிகையாக மதிப்பிடக்கூடும் என்று 2015இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைப் படித்த பிறகு சால்வைகளைப் பார்த்து நான் சிரிப்பதில்லை.

இன்னொரு மாடி எப்போதும் குளிர்பெட்டியாக இருந்தது. தேடிப் பார்த்தால், வெப்பச் சென்சார் நகலெடுக்கும் இயந்திரத்துக்குச் சற்று மேலே சுவரில் இருக்கிறது. சென்சார் பொருத்திய பிறகு யாரோ இயந்திரத்தை அங்கே நகர்த்தியிருக்கிறார்கள். இயந்திரம் மூச்சுவிட்டால் மாடியே நடுங்கியது. சரிசெய்ய ஆன செலவு, இயந்திரத்தைத் தள்ளிவைத்த இரண்டு பேரின் ஐந்து நிமிடம்.

ஜப்பான் 2005இல் ‘கூல் பிஸ்’ இயக்கத்தைத் தொடங்கியபோது, அலுவலகங்களில் 28 டிகிரி வையுங்கள் என்றதோடு கோட்டையும் டையையும் கழற்றச் சொன்னது. நாங்கள் டிகிரியை மட்டும் எடுத்துக்கொண்டு உடை விதியை அப்படியே விட்டோம். இரண்டாம் முயற்சியில் மனிதவளத் துறையோடு பேசி முதலில் டையைக் கழற்றினோம். மின்னஞ்சல்கள் பாதியாகக் குறைந்தன.

வெளிக்காற்றை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை கார்பன் டை ஆக்சைடு சென்சார்கள் முடிவு செய்கின்றன. ஆள் குறைந்தால் டேம்பர் (காற்று வரும் வழியின் கதவு) மூடும், குளிரூட்ட வேண்டிய காற்று குறையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 24 மணி நேர ஷிஃப்ட் நடக்கும் அறையிலிருந்து மட்டும் தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடர்ந்து புகார். திரையோ எல்லாம் நலம் என்றது. சென்சாரின் தானியங்கித் திருத்தம்தான் வினையாக இருந்தது. சில நாட்களில் தான் கண்ட மிகக் குறைந்த அளவை அது வெளிக்காற்றின் அளவு என்று, அதாவது சுமார் 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று, எடுத்துக்கொள்ளும். இரவில் காலியாகும் அறைக்கு அது சரி. ஒருபோதும் காலியாகாத அறையில் 700ஐக்கூட 400 என்று கற்றுக்கொண்டு, எப்போதும் குறைத்தே காட்டும். அங்கே அந்த வசதியை அணைத்துவிட்டு, ஆண்டுதோறும் கையால் சரிபார்க்கிறோம்.

சர்வர் அறை 18 டிகிரியில் உறைந்து கிடந்தது. குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே 2008இலேயே பரிந்துரை வரம்பை 18 முதல் 27 வரை விரித்துவிட்டது என்பதைக் காட்டி, 24 வரை உயர்த்த ஓராண்டு பேச வேண்டியிருந்தது. ஒரு சர்வரும் முணுமுணுக்கவில்லை.

விளக்குகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 36 வாட் குழல்விளக்குகளைக் கழற்றி 18 வாட் எல்.இ.டி. போட்டோம், பில் குறைந்தது, முடிந்தது. கழிவறைச் சென்சாரின் காத்திருப்பு நேரத்தை மூன்று நிமிடம் என்று வைத்தது என் தவறு. இருட்டில் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உயர் அதிகாரி ஒருவர் அதை எனக்குத் தெளிவாகவே விளக்கினார். வரவேற்பறையில் பெரிதாக வைத்த மின்நுகர்வுத் திரையை ஆறு ஆண்டுகளில் யாரும் நின்று பார்த்து நான் பார்த்ததில்லை. அதுவும் இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

மென்பொருள்தான் எனக்கு நெருடல். விற்ற நிறுவனம் முக்கியமான கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒரு நேர அட்டவணையை மாற்ற அவர்கள் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். பழைய பதிவுகள் 30 நாளில் தானாக அழியும் என்பதை, முதல் ஆண்டின் கோடுகளைத் தேடிய அன்றுதான் தெரிந்துகொண்டேன். கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள பாக்நெட் என்ற பொது நெறிமுறை 1995 முதல் தரமாக இருக்கிறது. எங்கள் கருவிகளும் அதைப் பேசும் என்றுதான் விற்றார்கள். பேசின, ஆனால் பாதிப் புள்ளிகளை (கருவிகள் தரும் அளவீடுகளையும் ஏற்கும் கட்டளைகளையும்) அவர்களது மென்பொருளுக்கு மட்டுமே திறந்துவைத்திருந்தார்கள். கையெழுத்திடும் முன் கேளுங்கள்: கடவுச்சொல் யாரிடம் இருக்கும், பதிவுகள் எத்தனை ஆண்டு நிற்கும், வேறு நிறுவனத்தின் திரையில் எல்லாப் புள்ளிகளும் தெரியுமா? பதில் எழுத்தில் வர வேண்டும்.

ஆனாலும் இந்த அமைப்பை நான் விட மாட்டேன். ‘மேனுவலில் இருப்பவை’ என்ற பட்டியலை அது திங்கட்கிழமைதோறும் எனக்கு அனுப்புகிறது. அதற்காக மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஒரு புகார் வரும், அவசரத்துக்கு ஒருவர் மேனுவலில் போடுவார், புகார் தீர்ந்துவிடும், சுவிட்ச் அப்படியே நிற்கும். செல்லோ டேப் ஒட்டியவரும் ஒருநாள் இப்படித்தான் தொடங்கியிருப்பார். முதல் முறை எடுத்தபோது பட்டியல் மூன்று பக்கம் ஓடியது. இப்போது மேனுவலில் போடுபவர் காரணத்தையும் முடியும் தேதியையும் பதிய வேண்டும். தேதி கடந்தால் அதுவே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும்.

இந்த வாரப் பட்டியலில் ஏழு. அதில் ஒன்று, கோப்பு அறையின் ஏ.எச்.யூ., போன மாதம் நான் போட்டது. தேதியை இரண்டு முறை நீட்டித்திருக்கிறேன்.