காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் மெஷின்: உச்சிப்புளியில் ஒரு வருடம்

22 வருடமாக ஃப்ரிட்ஜ், ஏசி, ஐஸ் பிளான்ட் வேலை பார்க்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் பெரும்பாலும் எனக்குத்தான் போன் வரும். அதனால் இந்த மெஷினுக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். கம்ப்ரசர், காயில் (குளிரும் குழாய்ச் சுருள்), ஃபேன், அடியில் தொட்டி, வடிகட்டி, அவ்வளவுதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதே மாதிரி காற்றின் ஈரம் குளிர்ந்த காயிலில் படிந்து சொட்டும். விலை 52,000 ரூபாய். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த முறையில் ஓடும் எந்த மெஷினுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

வாங்கியது அம்மாவுக்காக. அரசு ஊழியரை மிரட்ட 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் பக்கம்தான். அம்மா மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்தவர். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, மணலுக்குள் அதன் மேல் மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் கடலை ஒட்டித் தோண்டினாலும் நல்ல தண்ணீர் வருவது அதனால்தான். இப்போது எங்கள் கிணறு உப்பேறிவிட்டது. காவிரிக் குழாயில் தண்ணீர் வராத நாளில் பக்கத்து வீட்டு மதினிதான் தன் தள்ளுவண்டியில் எங்களுக்கும் ரெண்டு குடம் கொண்டு வருவார்.

தனி மீட்டர் மாட்டி, அளவு ஜாடியும் வைத்து வருடம் முழுக்கக் குறித்து வந்தேன். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் 12 மணி நேரத்துக்கு 11 லிட்டர் கிடைத்தது, ஓடியது 5.5 யூனிட். நல்ல அளவுதான். ஆனால் ஆனியில் கச்சான் என்கிற வறண்ட மேற்குக் காற்று அடிக்கும் பகலில் ஆறு மணி நேரம் ஓடியும் ரெண்டு லிட்டர் நிறையவில்லை. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று இருந்தது. எந்த ஊர்க் காற்றில் அளந்தது என்று இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவிதான் தாங்கும். 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 கிராம். அந்தக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் 9 கிராம் அதிலேயே தங்கிவிடும், கைக்கு வருவது 15 கிராம். ஆக ஒரு லிட்டருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ரெண்டின் காற்றைக் காயில் வழியாக இழுக்க வேண்டும். நீராவி தண்ணீராகும்போது லிட்டருக்குச் சுமார் 0.68 யூனிட் வெப்பம் வெளியேறும், கம்ப்ரசர் அதைச் சுமந்து போய் வெளியே கொட்ட வேண்டும். கூடவே காற்றையும் குளிர்விக்க வேண்டும். ஒரு யூனிட் கரண்டில் கம்ப்ரசர் அதைவிட அதிக வெப்பத்தைச் சுமக்கும், ஆனாலும் செலவு இருக்கத்தான் செய்யும். அதனால் லிட்டருக்கு அரை யூனிட் என்பது மெஷினின் குறை கிடையாது. இந்த முறையே அப்படித்தான். தினமும் இரவில் ஓட்டினால் ரெண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் பதினெட்டு நாளில் காலி. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளிக் குடிநீராக்கும் பெரிய ஆலைக்கு 1,000 லிட்டருக்கு மூன்று நாலு யூனிட் போதும். இந்த மெஷினுக்கு 500 வேண்டும். ஊர் முழுக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்த ஆலைதான் வழி, கழிவு உப்புநீரை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைப் பக்கம் விடாமல் இருந்தால்.

மெஷினை மூடிய அறையில் வைத்தால் புதுக்காற்று கிடைக்காது, திண்ணையில் வைத்தால் உப்புக்காற்று. திண்ணையில் வைத்தேன். ஏழாவது மாதம் காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடு (ஃபின்) வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டாலே உதிர்ந்தது. செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு. அப்புறம் உள்ளே ஓடும் குளிர்விக்கும் கேஸ் கசிந்தது. கடற்கரைப் பகுதிக்கு வாரண்டி இல்லை என்று போனில் சொன்னார்கள். ஈரக்காற்று அதிகம் உள்ள கடலோரத்தில்தான் இந்த மெஷின் நன்றாக ஓடும். அந்தக் கடலோரத்துக்கே வாரண்டி இல்லை என்றால் யாருக்கு விற்கிறார்கள்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ருசி பற்றி அம்மா சொன்னது: "சப்புன்னு இருக்குப்பா, ஆனா உப்பு கரிக்கல." அது போதும் எனக்கு.

இதோடு இந்த விஷயத்தை விட்டுவிட மனம் வரவில்லை. 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கிடைத்தது. உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து, உள்ளே முழுக்கக் காலி அறைகள் கொண்ட ஒரு பொருளை உருவாக்கியவர்கள். அதில் சில கிராமை எடுத்தால், உள்பரப்பு ஒரு கால்பந்து மைதானம் அளவு வரும். யாகியின் குழு அரிசோனா பாலைவனத்திலேயே, இரவில் காற்றின் ஈரத்தை இதில் பிடித்து வைத்து, பகலில் வெயில் ஏறியதும் தண்ணீராக வாங்கியது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃப்ரிட்ஜின் கேஸ் குழாயில் டிரையர் என்று ஒரு சின்னக் குப்பி உண்டு, அதில் இருக்கும் மணிகள் கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் லேசில் விடாது, கடுமையாகச் சூடாக்க வேண்டும். வெயில் சூட்டிலேயே ஈரத்தை விட்டுவிடும் மணி கிடைத்தால் கம்ப்ரசரும் வேண்டாம், கரண்ட் பில்லும் இல்லை. கச்சான் காலத்தில்தான் வெயில் அதிகம், என் மெஷின் தோற்றதும் அதே காலத்தில்தான். இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் மாடியில் சோலார் தகடு மாதிரி இது ஒன்றும் இருக்கும் என்று நம்புகிறேன். உப்புத்தூசி படிந்தால் அந்த நுண்ணறைகள் எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் என் கேள்வி. செய்கிறவர்கள் பாலைவனத்தோடு நிறுத்தாமல் மண்டபம் கடற்கரையிலும் ஒரு வருடம் வைத்துப் பார்க்க வேண்டும். இடம் நான் தருகிறேன்.

இப்போதைக்கு, குடிக்க மட்டும் தண்ணீர் தேவைப்படும் சின்ன வீடு, கூடவே சொந்த சோலார் இருந்தால் வாங்கலாம். மற்றவர்கள் வாங்க வேண்டாம். வாங்கும் முன் காயிலுக்கு உப்பு அரிக்காமல் காக்கும் எபாக்ஸி பிசின் பூச்சு உண்டா, கடலோர வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். என் மெஷினுக்குப் புதுக் காயிலில் நானே எபாக்ஸி பூசி மாட்டியிருக்கிறேன். அடுத்த கச்சான் முடிந்ததும் அளவுகளை எழுதுகிறேன்.