தண்டையார்பேட்டை மனநல கிளினிக்: மாத்திரையைப் பற்றித் தைரியமாகக் கேட்கலாம்

என் தம்பிக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய். காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அவனை இப்போது தண்டையார்பேட்டை மெட்ரோவுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிற இந்த கிளினிக்கில்தான் காட்டுகிறோம்.

முன்பு பார்த்த இடத்தில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மாத்திரை கொடுத்தார்கள். கத்தல் அடங்கியது. ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டான். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து நடப்பான். நோய் முற்றிவிட்டதென்று அங்கே டோஸைக் கூட்டினார்கள், நடை இன்னும் அதிகமானது. "மாத்திரைதான் புள்ளைய கெடுக்குது, தூக்கிப் போடு" என்று மாமா. "நிறுத்துனா பழையபடி ஆயிடுவான்" என்று அம்மா. வீட்டில் தினம் இதே சண்டை.

இங்கே டாக்டரம்மா நேராக அவனிடமே கேட்டார்: "மனசு பரபரன்னு இருக்கறதால நடக்கறியா, இல்ல காலு சும்மா இருக்க மாட்டேங்குதா?"

"காலுதான்" என்றான்.

அந்த மாத்திரையின் பக்கவிளைவாம் அது. அகதீசியா என்று பெயர். பார்ப்பவர்களுக்கு நோய் கூடியதுபோலவே தெரியுமாம். டோஸைக் குறைத்து, அந்தத் தவிப்பு அடங்க ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தார். கொஞ்ச நாளில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். மாமா சொன்னதும் உண்மை, அம்மா சொன்னதும் உண்மை. நோயால் வருவது எது, மருந்தால் வருவது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை ஓடுகிறது. வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அதனால் என்ன வேலை, எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்தார். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, முதுகு வலிக்கு இப்யூபுரூஃபென் மாதிரி மாத்திரையை அவரைக் கேட்காமல் போடக் கூடாது, கை நடுக்கம் அதிகமானாலோ வாந்தி பேதி வந்தாலோ உடனே வர வேண்டும். லித்தியம் அளவு பார்க்கும் டெஸ்டுக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு டெஸ்டும் அவ்வப்போது உண்டு. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் என்பதை அவனுக்கே புரியும்படி சொன்னார்.

குறை ஒன்று உண்டு. வரவேற்பில் இருக்கும் பெண் "என்ன பிரச்சனை?" என்று கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகக் கேட்கிறார். தம்பி தலை குனிந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

சாயங்காலம் கூட்டம் அதிகம், சீக்கிரம் போய் டோக்கன் வாங்குங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.