தரைக் குறிகளா, ஆர்டிகே ட்ரோனா?

ட்ரோன் படங்களிலிருந்து நிலத்தின் உயர மாதிரியை உருவாக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. நிலமெங்கும் குறிகளைப் பதித்து, ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ் கருவியால் அளந்து, படங்களை அவற்றோடு பிணைப்பது ஒன்று. படமெடுத்த கணத்தில் கேமரா இருந்த இடத்தைச் சென்டிமீட்டர் அளவில் பதிவு செய்யும் ஆர்டிகே ட்ரோனை நம்புவது மற்றொன்று. இரண்டிலும் பிழை வரும். வரும் விதம்தான் வேறு.

குறிகளை நம்பும் முறையில், குறிகளுக்கு அருகே மாதிரி கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கேமராவை நேர்கீழாக வைத்து மட்டுமே எடுத்திருந்தால், லென்ஸின் உருத்திரிபைக் கணிப்பதில் நேரும் சிறு பிழைகூட நிலத்தைக் கவிகைபோல் வளைத்துக் காட்டிவிடும். நடுவில் குறி இல்லையென்றால் அது யார் கண்ணுக்கும் படாது. கேமராவைச் சாய்த்து எடுத்த சாய்கோணப் படங்களைச் சேர்த்தால் இந்த வளைவு பெரிதும் அடங்கும்.

ஆர்டிகே முறையில் வளைவு குறைவு. ஆனால் குவியத்தூரக் கணிப்பு சற்றே பிசகினால், முழு நிலமும் ஒரே அளவில் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். ட்ரோனுக்குத் திருத்தத் தகவல் தரும், தரையில் நிறுத்திய ஜிபிஎஸ் அடிநிலையத்தின் உயரத்தைத் தவறாகக் கொடுத்தாலும் இதே கதைதான். சரிபார்க்கவென்று தனியே அளந்த எல்லாச் சோதனைப் புள்ளிகளிலும் 10 செ.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பிழைகளின் சிதறலை மட்டும் சொல்லும் திட்ட விலக்கம் 0. பிழையின் முழு அளவைச் சொல்லும் சராசரி வர்க்க மூலப் பிழையோ 10 செ.மீ. முதல் எண்ணை மட்டும் காட்டும் அறிக்கை அப்பழுக்கற்றதாகத் தெரியும். ஏரியைத் தூர்வாருமுன் வேறு முறையில் அளந்திருந்தால், இந்த வித்தியாசம் ஹெக்டேருக்கு 1000 கன மீட்டர் மண்ணாகக் கணக்கில் ஏறும். அதற்குப் பணமும் பட்டுவாடா ஆகும்.

பிணைக்கப் பயன்படுத்திய குறிகளிலேயே பிழையைக் கணக்கிட்டு, அதையே துல்லியம் என்று ஒப்படைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கணக்கில் சேராத, தனியே அளந்த புள்ளிகள்தாம் சாட்சி. அமெரிக்க ஒளிப்பட அளவியல், தொலையுணர்வுச் சங்கத்தின் தரவிதி 2014இல் குறைந்தது 20 சோதனைப் புள்ளிகளைக் கேட்டது. 2023 பதிப்பு அதை 30 ஆக உயர்த்தியது.

என் தேர்வு ஆர்டிகே ட்ரோன்தான். ஆனால் சாய்கோணப் படங்களும் ஓரிரு தரைக் குறிகளும் உடன் வேண்டும். சரியாக அளந்த ஒரே ஒரு குறிகூட அந்தச் சீரான உயரப் பிழையைப் பெருமளவு களைந்துவிடும். புல்லும் புதரும் மண்டிய இடத்தில் இரண்டுமே கைகொடுக்காது. படத்தில் விழுவது இலையின் மேற்பரப்பு, தரையல்ல. அங்கே லேசர் கதிரால் தூரம் அளக்கும், இலை இடுக்குகளில் ஊடுருவும் லைடாருக்குச் செலவழிப்பேன்.