பெற்றோருக்கான கவுன்சலிங்: காசு கொடுத்துப் போகலாமா?

சென்னையில் இருக்கும் ஒரு சின்ன கவுன்சலிங் மையத்தைப் பற்றிய விமர்சனம் இது. அக்கா மகன், தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போன இடம். வெளியே தெரிய வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் மையத்தின் பெயரைப் போடவில்லை.

முதலில் போகக் கூடாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் யாரோ சொன்னார் என்று அத்தான் பையனை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். அவர் பையனிடம் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்று வரிசையாக ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிவிட்டார். ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல். அப்படியும் "ஹார்மோன் கொஞ்சம் மந்தம், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, தானா சரியாயிடும்" என்றாராம். வளர்ந்த ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து அவனுக்கு யார் மேல் ஈர்ப்பு என்று சொல்ல முடியாது. ஊசி போட்டு ஏற்றினாலும் ஆசை கூடலாமே தவிர அது யார் மேல் என்பது மாறாது, இதையெல்லாம் எப்போதோ செய்து பார்த்துக் கைவிட்டாயிற்று. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி 'மாற்றுகிறேன்' என்று கிளம்புகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. அந்த நீதிபதி தீர்ப்புக்கு முன்னால், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவர். "ஜட்ஜே போயிருக்கார் அத்தான்" என்று சொன்னதும்தான் நம்மாள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சரி, மையத்துக்கு வருவோம். ஐம்பது நிமிடத்துக்கு 1,800 ரூபாய். மாடிப்படி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது, முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருந்த பெண் "என்ன பிரச்னைக்காக வந்திருக்கீங்க?" என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார். இந்த மாதிரி இடத்தில் அது மன்னிக்க முடியாத குறை.

உள்ளே உட்கார்ந்த அம்மா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பையனைக் கூட்டி வர வேண்டாம், முதலில் பெற்றோர் மட்டும் போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். அக்கா உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றைத்தான்: "நாங்க வளர்த்த விதத்துலயா தப்பு?" "அதெல்லாம் இல்லம்மா" என்று தட்டிக்கொடுத்து அனுப்பாமல் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். ஸ்வீடனில் 3,800 ஜோடிக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வு. தன்பால் உறவு விஷயத்தில் ஆணுக்கு ஆண் இருக்கிற வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 34 முதல் 39 சதவீதம் என்று முதல் கட்டத்தில் எழுதினார். அத்தான் பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர், கணக்கில் விடமாட்டார். "அப்போ மீதி அறுபது சதவீதம் நாங்க வளர்த்ததுதானே?" என்று மடக்கினார்.

நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அந்த அம்மா நடுக் கட்டத்தைக் காட்டினார். ஒரே வீட்டில் வளர்கிற ரெண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைப்பதெல்லாம் அதில்தான் வரும்: அப்பாவின் கண்டிப்பு, அம்மாவின் செல்லம், சாமி, ஜாதி, வசதி எல்லாம். ஆண்கள் கணக்கில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். மீதி மொத்தமும் மூன்றாவது கட்டத்தில். ஒரே கருப்பையில் இருந்தாலும் ரெண்டு சிசுவுக்கும் கிடைப்பது ஒரே மாதிரி இருக்காது, மூளை வளர்ச்சியில் தற்செயலாக நடப்பவை உண்டு, ஒருவருக்கு மட்டும் நேர்கிற அனுபவங்கள் உண்டு, ஆய்வின் அளவீட்டுப் பிழைகூட அதில்தான் வரும். அத்தான் அந்தப் பூஜ்யத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு 1,800 ரூபாய் அங்கேயே கழிந்துவிட்டது.

ஹாஸ்டலில் சேர்த்ததால் கெட்டுப்போனானோ என்பது அக்காவின் அடுத்த சந்தேகம். அதற்கும் பதில் இருந்தது. பிரிட்டனில் 1994-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், விடுதிப் பள்ளியில் படித்தவர்கள் இளவயதில் தன்பால் அனுபவம் இருந்ததாகச் சொன்னது அதிகம்தான், ஆனால் வளர்ந்த பிறகு தன்பால் உறவில் இருப்பது மற்றவர்களைவிட அதிகமில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் அண்ணன் கதையை எடுத்தார், சறுக்கினார். ஒரே தாய் வயிற்றில் முன்னால் பிறந்த அண்ணன்கள் ஒவ்வொருவருக்கும் தம்பி தன்பாலீர்ப்பாளராக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வளர்ப்பு அண்ணன்களுக்கு இது பொருந்தாது, தனியாக வளர்ந்த சொந்த அண்ணன்களுக்குப் பொருந்தும் என்று 2006-இல் கனடா உளவியலாளர் போகார்ட் காட்டினார். ஆண் சிசுவின் புரதத்துக்கு எதிராக அம்மாவின் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம் என்பது கருத்து. எல்லாம் சரிதான், ஆனால் அக்காவுக்கு இவன் ரெண்டாவது பையன். "அப்போ என் வயித்துலதான் கோளாறா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். வளர்ப்பில் இருந்து எடுத்த பழியைக் கருப்பையில் வைத்த மாதிரி ஆகிவிட்டது. நூற்றுக்கு ரெண்டு என்பது சுமார் 2.7 ஆகிறது, அவ்வளவுதான், அண்ணன் உள்ள தம்பிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்களைத்தான் விரும்புகிறார்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? உடற்காரணம் என்று சொன்னால் பெற்றோர் மனசு ஆறிவிடும் என்று இந்தத் துறையில் பலரும் நினைக்கிறார்கள். நம் ஊர் அம்மாக்களைப் பற்றித் தெரியாமல் நினைக்கிறார்கள். அடுத்த முறை போனபோது அவரே அந்தப் பேச்சை எடுத்து, கோளாறு என்று ஒன்று இருந்தால்தானே யாருடையது என்று தேட வேண்டும் என்று பொறுமையாகப் பேசினார், பாராட்ட வேண்டியதுதான்.

இன்னொரு குறை. பெண்களுக்கும் இதே கணக்கா என்று நான் கேட்டதற்கு "கிட்டத்தட்ட அதேதான்" என்று முடித்துக்கொண்டார். அதே ஸ்வீடன் ஆய்வில் பெண்களுக்கு மரபணுவின் பங்கு 18, 19 சதவீதம்தான், பொதுச் சூழலுக்கு 16, 17 என்று வருகிறது. மகள் விஷயமாக வருகிற பெற்றோரிடமும் அந்தப் பூஜ்யத்தையே காட்டுவாரோ என்று தோன்றியது.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் தெரியுமா என்று அத்தான் கேட்டபோது மட்டும் "தெரியாது" என்று தெளிவாகச் சொன்னார். 2019-இல் 4.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை அலசிய ஆய்வில் கிடைத்தவை ஐந்து இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு, அதை வைத்துத் தனி ஆளைப் பற்றி எதையும் கணிக்க முடியாது. அதற்கு ஒரு கிட் வாங்கலாம் என்று கார்ட்டில் போட்டு வைத்திருந்தாராம், அங்கேயே போனை எடுத்து நீக்கினார்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ரிசப்ஷனுக்கு ஒன்றைக் கழித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை போகாதீர்கள், அப்பாயின்ட்மென்ட் இருந்தாலும் ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார்கள், வார நாளில் காலை பதினோரு மணி வாக்கில் கூட்டமில்லை. மூன்றாவது முறைக்கு அத்தானே போன் போட்டு நேரம் வாங்கியிருக்கிறார், நான் வர வேண்டாமாம்.