மெர்க்குரி பல்பா எல்ஈடியா: உயிரோட இருக்கிற செல்லில கிருமி பாக்க எது சரி

மடியழற்சி வந்த மாட்டின்ர பாலை எடுத்த கையோட ஸ்லைட்ல வச்சு, நியூட்ரோபில் எண்ட வெள்ளை இரத்த அணு பற்றீரியாவை விழுங்கிறதை உயிரோட பாக்கிறதெண்டா ஃபேஸ் கான்ட்ராஸ்டும் ஃப்ளோரசன்ஸும் ஒரே மைக்ரோஸ்கோப்பில வேணும். ஃபேஸ்ல செல்லின்ர உருவமும் அசைவும் தெரியும், ஃப்ளோரசன்ஸில, அக்ரிடின் ஆரஞ்ச் எண்ட சாயம் போட்டா, கருவும் கிருமியும் பச்சையா மின்னும், ரெண்டு படத்தையும் சேத்தாத்தான் எந்தக் கிருமி எந்தச் செல்லோட நிக்குதெண்டு விளங்கும். உள்ளயா மேல ஒட்டியிருக்கா எண்டதுக்கு ஃபோகஸை மேல கீழ அசைச்சுப் பாருங்கோ.



மிச்சம், சாயத்தை மின்ன வைக்கிற வெளிச்சம் எதில இருந்து எண்டதுதான். நாங்க வவுனியாவில எல்ஈடி எடுத்தம், முக்கிய காரணம் கரண்ட். மெர்க்குரி பல்பு ஒருக்கா அணைஞ்சா சூடு ஆறும் வரைக்கும், கிட்டத்தட்ட அரை மணித்தியாலம், திரும்பப் பத்த வைக்கக் கூடாது, மழைக்காலத்தில கரண்ட் வந்து வந்து போகேக்க அதுக்குள்ள சாம்பிள்ல செல் செத்துப்போகும். பல்பின்ர ஆயுளும் 200, 300 மணித்தியாலம்தான், புதுசு வந்து சேர காத்திருக்கோணும், போட்டா திரும்ப சென்டர் பண்ணோணும், உடைஞ்சா பாதரசம். எல்ஈடி சுவிட்ச் போட்ட உடனே எரியும், சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும். படம் எடுக்கிற நேரம் மட்டும் போட்டா செல்லுக்கும் சேதம் குறைவு, அக்ரிடின் ஆரஞ்ச் போட்ட செல்லை நீல வெளிச்சம் கெதியாக் கொல்லும் எண்டதால இது சின்ன விசயமில்லை.

மெர்க்குரிதான் பிரகாசம் எண்டு கன பேர் சொல்லுவினம். 365, 546 நானோமீற்றர் அலைநீளத்தில உண்மை, அதால டாப்பி, ப்ரோபிடியம் அயோடைட் எண்ட சாயங்களுக்கு அது நல்லாவே இருக்கும். அக்ரிடின் ஆரஞ்சுக்கு வேண்டிய 480 பக்கம் மெர்க்குரிக்கு பெரிய உச்சி ஒண்டும் இல்லை, அங்க நீல எல்ஈடி ஒண்டும் குறைஞ்சதில்லை.

எல்ஈடி 10,000 மணித்தியாலத்துக்கு மேல போகுமெண்டுறது விக்கிறவை சொல்லுறது, எங்கட இன்னும் அவ்வளவு ஓடேல்ல. தூசியும் வெக்கையும் அதைக் குளிராக்கிற ஃபேனை என்ன செய்யுமெண்டு போகப்போகத்தான் பாக்கோணும்.

ஆரும் பழைய மெர்க்குரி யூனிட் சும்மா தந்தா வேண்டாமெண்டாதேங்கோ, ஃபிக்ஸ் பண்ணின, அதாவது செல்லை ஏற்கனவே பதப்படுத்தின, ஸ்லைட்டுக்கு நல்லா உதவும். காசு குடுத்து வாங்கிறதெண்டா எல்ஈடி, வெளிச்சத்தின்ர நிறத்தைப் பிரிக்கிற ஃபில்டர் உங்கட சாயத்துக்குப் பொருந்துதா எண்டு பாத்துட்டு.